குழுவில் சேர்ந்தால் சிறு விவசாயிக்கு லாபமா? கொடைக்கானல் மலை சொல்லும் கணக்கு

கொடைக்கானல் போனவங்களுக்கு ஏரி தெரியும், தூண் பாறை தெரியும். நாயுடுபுரம் தாண்டி வில்பட்டி, பள்ளங்கி பக்கம் போனவங்க குறைவு. அந்தப் பக்கம்தான் சுற்றுலாக் கொடைக்கானல் முடிந்து விவசாயக் கொடைக்கானல் ஆரம்பிக்குது. சரிவில் படிப்படியாக வெட்டிய நிலம். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, பூண்டு. மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை வரைக்கும் இதே காட்சிதான்.

இந்த ஊர்களில் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்க சிறு விவசாயிகளிடம் அரசும் வங்கிகளும் தொண்டு நிறுவனங்களும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு விஷயம் உண்டு: "குழுவா சேருங்க." உழவர் ஆர்வலர் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மகளிர் சுயஉதவிக் குழு, கூட்டுறவுச் சங்கம்னு பெயர்கள் மட்டும் மாறும்.

சேர்ந்தா விளைச்சல் உண்மையிலேயே கூடுமா? கையில் நிற்கும் காசு கூடுமா? பங்குத் தொகைன்னு கட்டும் ஆயிரம் ரூபாய்க்கு என்ன பலன்? விரிவாகப் பார்க்கலாம்.

சிறு விவசாயி என்றால் யார்?

5 ஏக்கருக்குக் கீழே, அதாவது 2 ஹெக்டேருக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர்கள் சிறு, குறு விவசாயிகள். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் உள்ள பண்ணைகளில் 86 சதவீதம் இந்த வகைதான். தமிழ்நாட்டில் இது 93 சதவீதம். நம்ம மாநிலத்தில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், ரெண்டு ஏக்கருக்கும் குறைவு.

ஆக, 'சிறு விவசாயி' என்று தனியாக ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசலை. தமிழ்நாட்டு விவசாயம் என்பதே கிட்டத்தட்ட இவங்கதான்.

சின்ன நிலம் என்றால் விளைச்சல் குறைவு என்று பலர் நினைக்கிறாங்க. அது அவ்வளவு சரியில்லை. சின்ன நிலத்தில் குடும்பமே இறங்கி வேலை பார்க்கும், ஒரு பாத்தியைக்கூட சும்மா விடாது. ஏக்கர் கணக்கில் பார்த்தால் சின்ன விவசாயி நன்றாகவே எடுப்பார். அடி விழுவது வாங்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும்தான்.

ஒரு கணக்குக்கு இப்படி வச்சுக்குவோம். ஒருத்தர்கிட்ட 8 மூட்டை கேரட் இருக்கு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வண்டி வாடகை 4,000 ரூபாய். தனியா போனா மூட்டைக்கு 500 ரூபாய் வாடகையிலேயே போயிடும். அதே வண்டியில் அஞ்சு பேர் சேர்ந்து 40 மூட்டை ஏத்தினா மூட்டைக்கு 100 ரூபாய். கேரட் அதே கேரட், மண் அதே மண். மூட்டைக்கு 400 ரூபாய் மிச்சம். (இது புரிவதற்காகப் போட்ட கணக்கு, நிஜ வாடகை சீசனைப் பொறுத்து மாறும்.)

விதை, உரம், மருந்து வாங்கும்போதும் இதே கதைதான். பத்து மூட்டை உரம் கேட்பவருக்கு ஒரு விலை, ஒரு லாரி லோடு கேட்பவருக்கு வேற விலை. அது போக, மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. விளைந்ததை வைத்திருக்க இடமில்லை, கீழே என்ன விலை ஓடுதுன்னு சரியா தெரியாது, வண்டி வந்தால் ஏற்றியே ஆகணும். பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தனியாக ஜெயிக்கவே முடியாத ஒரு நோய்

குழு எதுக்கு வேணும்னு புரிய, இதே பழனி மலையில் நடந்த மலைவாழைக் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு, தடியன்குடிசை பகுதிகளில் காபிக்கும் மிளகுக்கும் நடுவே விருப்பாட்சி வாழை வளருது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்த மலை வாழைதான். தண்ணீர்ச் சத்து குறைவு, சீக்கிரம் அழுகாது.

ஒரு காலத்தில் 18,000 ஹெக்டேரில் இருந்த இந்த வாழை, சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கிப் போச்சு. காரணம் முடிக்கொத்து நோய். வைரஸ் தாக்கிய மரத்தில் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நிற்கும். குலை தள்ளாது. மருந்து கிடையாது, மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பதுதான் ஒரே வழி.

இந்த வைரஸ் ரெண்டு வழியில் பரவும். ஒன்று, நோய் உள்ள தாய் மரத்தின் கன்றை எடுத்து நடும்போது. இன்னொன்று, வாழை அசுவினி என்ற சின்னப் பூச்சி மூலமாக.

இங்கேதான் விஷயமே இருக்கு. நீங்க உங்க தோட்டத்தில் நோய் வந்த மரம் எல்லாத்தையும் அழிச்சு, புதுசா நல்ல கன்று நடுறீங்க. பக்கத்துத் தோட்டக்காரர் அழிக்கலை. அசுவினி அங்கிருந்து உங்க தோட்டத்துக்கு வரும். உங்க செலவு, உங்க உழைப்பு எல்லாம் வீண். இது தெரிஞ்சா நீங்களும் அழிக்க மாட்டீங்க. "அவர் செய்யட்டும், அப்புறம் நான் செய்றேன்"னு ஆளாளுக்குக் காத்திருந்தால் மலை முழுக்க வாழை போகும். இதில் யாரும் சோம்பேறி இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லார் முடிவும் நியாயமானதுதான்.

ஆகவே ஒரு சரிவில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் நோய் மரங்களை எடுக்கணும், வைரஸ் இல்லாத கன்றுகளை நடணும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் திசு வளர்ப்பு முறையில் நோயில்லாக் கன்றுகளை உருவாக்கும் வேலையில் இறங்கின. ஆனா கன்று கொடுத்தால் மட்டும் போதாது, ஊர் கூடணும். மலைவாழை விவசாயிகளின் கூட்டமைப்புக்கு அங்கேதான் வேலை வந்தது. விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்தக் கூட்டமைப்பு மூலமாகத்தான்.

பழைய 18,000 ஹெக்டேர் திரும்பி வரலை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா விளைச்சல் என்பது சில நேரம் தனி மனிதன் கையில் இல்லை, பக்கத்து வயல்காரர் கையில் இருக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

பூண்டுக்கு டேக் வந்தாச்சு, விலை வந்துச்சா?

அடுத்தது மேல்மலைப் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானலிலேயே உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இதுக்கு முயற்சி எடுத்தது. காரம் அதிகம், மருத்துவ குணம் உள்ளதாக மதிக்கப்படுவது, நன்றாகக் காயவைத்தால் பல மாதம் கெடாமல் இருக்கும். கடைசிச் சொன்ன குணத்தை மட்டும் குறித்து வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இந்தப் பூண்டு பெரும்பாலும் விற்பனைக்குப் போகும் இடம் தேனி மாவட்டம் பெரியகுளம் அருகே உள்ள வடுகபட்டி. (கவிஞர் வைரமுத்து வளர்ந்த அதே வடுகபட்டிதான்.) வெளிமாநிலப் பூண்டும் அதே சந்தைக்கு வருது. அங்கே மலைப்பூண்டு எது, மற்றது எது என்பது வியாபாரிக்குத் தெரியும். சென்னையில் கடையில் நின்று வாங்கும் நமக்குத் தெரியாது.

புவிசார் குறியீடு என்பது இந்தக் குழப்பத்துக்குத்தான் மருந்து. ஆனா டேக் கிடைத்ததும் ஒவ்வொரு விவசாயியின் மூட்டையிலும் அது தானாக ஒட்டிக்காது. 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்த முடியும். இதற்கான கட்டணம் 500 ரூபாயாக இருந்தது. 2020-ல் 10 ரூபாயாகக் குறைச்சாங்க. பத்து ரூபாய் ஒரு பிரச்சினையா? இல்லை. விண்ணப்பம், ஆவணம், சென்னையில் உள்ள பதிவு அலுவலகத்துடன் கடிதப் போக்குவரத்து, அதுக்கு அப்புறம் தரம் பிரித்து, பாக்கெட் போட்டு, லேபிள் ஒட்டி, வாங்க ஆள் தேடுவது — அரை ஏக்கர் பூண்டுக்காரர் ஒருத்தர் இதை எல்லாம் செய்வாரா? நூறு பேர் சேர்ந்து ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் செய்யலாம்.

இப்போ அந்தக் 'கெடாமல் இருக்கும்' விஷயம். கேரட், பீன்ஸ் மாதிரி பூண்டை உடனே விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. விலை ஏறும் வரை வைத்திருக்கலாம். ஆனா வைத்திருக்க முடிவது யாரால்? பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், கடைக்காரருக்கு உரப் பாக்கி இல்லாதவரால் மட்டும்தான். குழுவுக்குக் கிடங்கும், கிடங்கில் உள்ள சரக்கின் மேல் கொஞ்சம் முன்பணம் கொடுக்கும் வசதியும் இருந்தால் மற்றவர்களும் காத்திருக்க முடியும். என்னைக் கேட்டால், மேல்மலைப் பூண்டு விவசாயிக்கு ஒரு குழு செய்யக்கூடிய பெரிய உதவி லேபிளைவிட இதுதான்.

உலகம் முழுக்க ஆய்வுகள் என்ன சொல்லுது?

சுருக்கமாகச் சொன்னால்: வருமானம் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகள் நிறைய. விளைச்சல் கூடியதாகச் சொல்பவை அதைவிட ரொம்பக் குறைவு.

2020-ல் 'நேச்சர் ஃபுட்' இதழில் ஒரு தொகுப்பு ஆய்வு வந்தது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் விவசாயிகள் அமைப்புகள் பற்றி வெளியான 239 ஆய்வுகளை அலசினாங்க. பாதிக்கும் மேற்பட்டவை உறுப்பினர்களின் வருமானம் கூடியதாகச் சொன்னது. விளைச்சல் அல்லது தரம் கூடியதாகச் சொன்னவை ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான். நாம மேலே போட்ட கேரட் கணக்குக்கு இது பொருந்துது பாருங்க: மூட்டை கூடலை, மூட்டைக்குக் கிடைக்கும் காசு கூடுச்சு.

கென்யாவில் வாழை விவசாயிகளிடம் ஃபிஷர், கைம் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் செய்த ஆய்வு (2012) நம்ம மலைவாழைக் கதைக்கு ரொம்பப் பக்கம். குழுவில் பெயர் மட்டும் இருந்தவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. குழு மூலமாக உண்மையிலேயே விற்றவர்களுக்கு வருமானம் கூடியது. அதுவும் கூட்டாக விற்றதால் கிடைத்த கூடுதல் விலை சின்னதுதான். திசு வளர்ப்புக் கன்று மாதிரி புதிய விஷயங்கள் ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு வேகமாகப் பரவியதில்தான் குழுவின் பலம் அதிகம் தெரிந்தது.

எத்தியோப்பியாவில் 2008-ல் வெளிவந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். கூட்டுறவு உறுப்பினர்களுக்குத் தானியத்துக்கு 7 முதல் 9 சதவீதம் வரை அதிக விலை கிடைத்தது. அப்போ அவங்க அதிகமா வித்திருக்கணுமே? ரொம்பச் சின்ன விவசாயிகள் விற்பனையைக் குறைச்சாங்க! தேவையான காசு கொஞ்ச மூட்டையிலேயே கிடைச்சதால், மிச்சத்தை வீட்டுச் சாப்பாட்டுக்கு வச்சுக்கிட்டாங்க. புள்ளிவிவர அதிகாரி இதை 'சந்தைக்கு வரத்து குறைவு' என்று எழுதுவார். அந்த வீட்டு அம்மாவைக் கேட்டால் வேற மாதிரி சொல்வாங்க.

ஒரு முக்கியமான சந்தேகம்

குழுவில் இருப்பவர் வருமானம் 100, இல்லாதவர் வருமானம் 80 என்று ஒரு அறிக்கை சொன்னால், "குழுவால் 20 கூடியது" என்று எடுத்துக்கலாமா?

கூடாது. யோசிங்க: யார் குழுவில் சேருவாங்க? கொஞ்சம் படித்தவர், பைக் வைத்திருப்பவர், கூட்டத்துக்கு வர நேரம் இருப்பவர், அதிகாரிகளோடு பேசத் தயங்காதவர். இவங்க குழு இல்லாமலே 100 சம்பாதித்திருக்கலாம். குழுவால் வருமானம் வந்ததா, வருமானம் இருந்ததால் குழுவுக்கு வந்தாங்களா? நல்ல ஆய்வுகள் இதைப் பிரிக்க ஒரு வழி வச்சிருக்கு. நில அளவு, படிப்பு, வயசு, சாலை தூரம் எல்லாம் ஒரே மாதிரி உள்ள உறுப்பினரையும் உறுப்பினர் அல்லாதவரையும் ஜோடி சேர்த்து ஒப்பிடுவாங்க. அப்பவும் 'ஊக்கம்' மாதிரி கண்ணுக்குத் தெரியாத விஷயத்தை அளக்க முடியாது. அதனால் "குழுவில் சேர்ந்து வருமானம் இரட்டிப்பு" மாதிரி தலைப்புகளைப் பார்த்தால் (எங்களை மாதிரி தளங்களில் வந்தாலும்கூட) கொஞ்சம் நிதானமா படிங்க.

ருவாண்டாவில் 2014-ல் வெளியான ஆய்வு இதில் ஒரு திருப்பம் கொடுத்தது. கூட்டுறவுகளால் அதிகப் பலன் அடைந்தது ஒப்பீட்டளவில் நிலம் கூடுதலாக உள்ளவங்களும், சாலை வசதி குறைந்த தொலைதூர ஊர்க்காரங்களும். அதோடு, சேர்வதற்கு வாய்ப்பே குறைவாக இருந்தவங்க சேர்ந்தபோது அவங்களுக்குத்தான் பலன் பெரிசா இருந்தது. கொடைக்கானலுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், டவுனை ஒட்டிய நாயுடுபுரம் பக்கத்து விவசாயியைவிட, மேற்குக் கோடியில் உள்ள கிளாவரை விவசாயிக்குத்தான் குழு அதிகம் தேவை. ஆனா கூட்டமும் பயிற்சியும் எங்கே நடக்கும்? பெரும்பாலும் வண்டி சுலபமாகப் போகும் ஊரில்.

விட்டுப்போகிறவர்கள் யார்?

இதை ஒரு துணைத் தலைப்போடு முடித்துவிட முடியாது, ஆனா சொல்லாமலும் விட முடியாது. பட்டா யார் பேரில் இருக்கோ அவரைத்தான் பெரும்பாலும் 'விவசாயி' என்று பட்டியலில் எழுதுறாங்க. மலையில் களை எடுப்பது, பூண்டு நடுவது, உரித்துத் தரம் பிரிப்பது பெரும்பாலும் பெண்கள். பட்டா கணவர் பேரிலோ மாமனார் பேரிலோ இருக்கும். கூட்டத்துக்கு அவர் போவார், பயிற்சி அவருக்கு நடக்கும், வேலை இவங்க செய்வாங்க.

குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்பவர்களின் நிலையும் அதுதான். வாய்மொழிக் குத்தகைக்குக் காகிதம் கிடையாது. பளியர் பழங்குடி மக்களில் பலருக்கு நிலமே பேரில் இல்லை. பக்கத்து மலையான நீலகிரியில் 2013-ல் பதிவான 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்' இதுக்கு ஒரு மாற்று வழி காட்டியது: உறுப்பினர்கள் பழங்குடி மக்களே. தேன், காபி, மிளகு, சிறுதானியத்தை அவங்களே வாங்கி, பக்குவம் செய்து விற்கிறாங்க. பழனி மலைக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

அரசு என்ன தருது?

தமிழ்நாட்டில் 2017-18-ல் கூட்டுப் பண்ணையத் திட்டம் தொடங்கியது. 20 விவசாயிகள் சேர்ந்தால் ஒரு உழவர் ஆர்வலர் குழு. அப்படி 5 குழு சேர்ந்து 100 பேர் ஆனால் ஒரு உழவர் உற்பத்தியாளர் குழு. இந்த 100 பேருக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. அதை வச்சு பண்ணை இயந்திரங்கள் வாங்கி மாறி மாறிப் பயன்படுத்தலாம், வாடகைக்கு விடலாம். டிராக்டர் ஏற முடியாத படிக்கட்டு நிலத்தில் பவர் டில்லரும் ஸ்பிரேயரும்தான் உதவும் என்பதால், என்ன வாங்குவது என்று மலைக்காரர்கள் மலையைப் பார்த்து முடிவு செய்யணும். தரைப் பட்டியலை அப்படியே எடுத்தால் இயந்திரம் ஷெட்டில் துருப்பிடிக்கும்.

மத்திய அரசு 2020 பிப்ரவரியில் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மொத்த ஒதுக்கீடு 6,865 கோடி ரூபாய். சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேணும். மலைப்பகுதிக்கு 100 போதும். நிர்வாகச் செலவுக்கு மூன்று வருஷத்தில் ஒரு அமைப்புக்கு 18 லட்சம் ரூபாய் வரை. உறுப்பினர் கட்டும் பங்குத் தொகைக்குச் சமமாக, ஒருத்தருக்கு 2,000 ரூபாய் வரை அரசும் போடும். அதாவது நீங்க 1,000 கட்டினா, தகுதி உள்ள அமைப்பில் உங்க பேரில் இன்னொரு 1,000 பங்காகச் சேரும். இந்த மானியத்துக்கு ஒரு அமைப்புக்கு 15 லட்சம்தான் உச்சவரம்பு.

சட்டப்படி இது ஒரு கம்பெனி. ஆனா சாதாரணக் கம்பெனி இல்லை. 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தால் வந்த தனி வகை. உற்பத்தியாளர்கள் மட்டும்தான் உறுப்பினர் ஆகலாம். குறைந்தது 10 பேர் வேணும். ஒருத்தர் ஒரு பங்கு வச்சிருந்தாலும் நூறு பங்கு வச்சிருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். இயக்குநர்கள் 5 முதல் 15 பேர். வருஷக் கடைசியில் மிச்சம் இருந்தால், நிறுவனத்தோடு யார் எவ்வளவு வியாபாரம் செய்தாங்களோ அதுக்கு ஏத்த மாதிரி போனஸ் கொடுக்கலாம்.

அப்புறம் ஏன் பல குழுக்கள் படுத்துடுது?

முதல் காரணம், முதலீடு. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது 2019 மார்ச் வரை நாட்டில் 7,374 உற்பத்தியாளர் நிறுவனங்கள் பதிவாகியிருந்தது. பெரும்பாலானவற்றின் செலுத்திய பங்கு மூலதனம் 10 லட்சத்துக்கும் குறைவு. ஐநூறு பேரின் காய்கறியை ஒரு வாரம் கொள்முதல் செய்யவே இந்தப் பணம் பத்தாது. சொத்து இல்லாத கம்பெனிக்கு வங்கி கடன் தரத் தயங்கும். திட்டத்தில் கடன் உத்தரவாதம் உண்டு என்றாலும், காகிதம் நகர நேரம் ஆகும்.

ரெண்டாவது காரணம் மனுஷ சுபாவம். குழு கிலோவுக்கு 40 ரூபாய் தருது, ஆனா பத்து நாள் கழித்துப் பணம். மண்டிக்காரர் 38 ரூபாய், இப்பவே கையில். வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீங்க? இப்படி ஆளுக்குக் கொஞ்சம் வெளியில் விற்றால், 10 டன் தர்றதா ஒப்புக்கொண்ட குழு 4 டன்தான் அனுப்பும். வாங்குபவர் அடுத்த தடவை போனை எடுக்க மாட்டார்.

இதில் மண்டிக்காரரை வில்லனாக்குவது சுலபம். நடுராத்திரியில் போன் போட்டாலும் முன்பணம் தருபவர் அவர்தான். கல்யாணத்துக்கும் தருவார், சாவுக்கும் தருவார். பதிலுக்கு விளைச்சல் அவரிடம்தான் போகணும். விலையும் கமிஷனும் அவர் சொல்வது. குழு இவருக்கு மாற்றாக வரணும்னா, விலையில் மட்டும் போட்டி போட்டால் பத்தாது. அந்த நடுராத்திரிக் கடனுக்கும் ஒரு பதில் வேணும். மகளிர் சுயஉதவிக் குழுவின் உள்கடனும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் கெடு தவறாமல் கட்டினால் வட்டி இல்லாமல் கிடைக்கும் பயிர்க்கடனும் முக்கியமாவது இதனால்தான். இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ல் திருவள்ளூர் அருகே திரூரில் ஆரம்பித்ததும் வட்டிக் கொடுமைக்கு எதிராகத்தான்.

மூன்றாவது, மூணு வருஷ நிர்வாக உதவி முடிந்ததும் சி.இ.ஓ.வுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போவது. கம்பெனி என்றால் ஆண்டுதோறும் தணிக்கை, கணக்குத் தாக்கல் உண்டு. தாமதமானால் அபராதம். இயக்குநர்களாக இருக்கும் விவசாயிகளுக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் அது தெரியும்.

ஆயிரம் ரூபாய் கட்டுவதற்கு முன்னாடி

உங்க ஊரில் ஒரு குழு உங்களைச் சேரச் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது "என்ன மானியம் வரும்?" இல்லை. "போன சீசனில் என்ன வாங்கினீங்க, யாருக்கு வித்தீங்க, எத்தனை நாளில் பணம் கொடுத்தீங்க?" இதுக்குத் தேதியோடு பதில் வந்தால் உட்கார்ந்து பேசலாம். மானியத்தை மட்டும் பேசினால், டீ குடிச்சுட்டு வந்துடலாம்.

பங்குப் பத்திரம் கொடுப்பாங்களான்னு கேளுங்க. ரசீது வேற, பங்குப் பத்திரம் வேற. பொதுக்குழு கடைசியாக எப்போ நடந்தது, கணக்கு வாசிச்சாங்களா, இயக்குநர்களில் எத்தனை பேர் ஒரே குடும்பம், பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்க. வெளியேற நினைத்தால் பணம் எப்படித் திரும்பும் என்பதையும் சேரும்போதே கேட்பது நல்லது. வெட்கப்பட வேண்டியதில்லை. நீங்க வாடிக்கையாளர் இல்லை, முதலாளிகளில் ஒருத்தர்.

வீட்டில் நிலவேலை செய்யும் பெண்களின் பேரிலும் தனிப் பங்கு வாங்க முடியுமா என்று விசாரியுங்க. உற்பத்தியாளர் என்பதற்கு என்ன சான்று ஏற்பாங்க என்பது அந்தந்த நிறுவனத்தின் விதிகளில் இருக்கும்.

நிறுவனம் உயிரோடு இருக்கா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. மத்திய கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், அது 'செயல்பாட்டில்' உள்ளதா, பதிவிலிருந்து 'நீக்கப்பட்டதா' என்று தெரியும். கடைசியாக எந்த வருஷம் கணக்குத் தாக்கல் செய்தாங்க என்பதும் இருக்கும். போனிலேயே பார்க்கலாம். புதுசா குழு ஆரம்பிக்கணும், ஆர்வலர் குழுவில் சேரணும் என்றால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம். ஆதார், வங்கிப் புத்தகம், சிட்டா நகல் கையோடு கொண்டு போங்க.